ஆடிக்கொண்டே இருந்த பல்

தனுஷ்கோடியைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போன காலையில் செண்பகத்தின் அடுப்பில் இருந்த பால் பொங்கி விளிம்புவரை வந்தது, வந்தது அங்கேயே நின்றது, வழியவும் இல்லை, அடங்கவும் இல்லை, யாரோ வந்து அடுப்பை அணைத்த பிறகும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்ட மாதிரி பாத்திரத்துக்கு மேலே அரை விரல் உயரம் எழும்பி நின்றது. புருஷனைக் கொண்டுபோன வீட்டில் பாலை யார் பார்ப்பார்கள், அன்றைக்குச் செண்பகமும் பார்க்கவில்லை, வேடிக்கை பார்க்கக் கூடிய நாங்களும் பார்க்கவில்லை.

எங்கள் சேக்கிழார் நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில் எல்லாம் சொந்த வீடு. குமரகுருபரன் சாரின் கீழ்ப்போர்ஷன் ஒன்றுதான் வாடகைக்கு விட்டது, எனக்கு நேர் எதிரே, அதில்தான் இவர்கள் இருந்தார்கள். தனுஷ்கோடி குட்டியானை வண்டி ஓட்டுகிறவன், சிமெண்ட் மூட்டை, கல்யாண வீட்டு நாற்காலி, வீடு மாறுகிறவர்களின் பீரோ என்று யார் போனில் கூப்பிட்டாலும் போவான், அப்படித்தான் முந்தின நாள் விடியலில் யாரோ கூப்பிட்டுச் செம்புக்கம்பிச் சுருளை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினான், இறக்கச் சொன்ன இடத்தில் இறக்கினான், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தான். அது ஒரு கிடங்கில் காவல்காரர் மண்டையை உடைத்துவிட்டு அள்ளிய கம்பி என்பது போலீஸ் சொல்லித்தான் அவனுக்கே தெரியும். அவன் வேனில் ஏறும்போது மகள் இலக்கியா யூனிஃபார்மோடு நின்றாள், ஏழு வயது, ரெண்டாம் வகுப்பு, மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதை நாக்கால் தள்ளித் தள்ளி வேன் டிரைவருக்கே காட்டிக்கொண்டிருந்தாள்.

"கை வைக்காத பாப்பா. சாயந்திரம் அப்பா வந்து நூல் கட்டி இழுத்து விடறேன். வலிக்கவே வலிக்காது" என்றான் தனுஷ்கோடி. பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குள் நடந்ததை முதலில் கண்டுபிடித்தது நான், என் புத்திசாலித்தனத்தால் இல்லை, என் ஃபிரிட்ஜ் கெட்டுப்போனதால். ஆறுதல் சொல்லப் போகிற கையோடு ஒரு குண்டான் இட்லி மாவையும் கொண்டுபோய், வெயில் படாத வீடுதானே என்று செண்பகத்தின் சமையல்கட்டு மூலையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் திறந்தால் மாவு ஆட்டி எடுத்த நிமிஷத்தில் இருந்தபடி இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மெக்கானிக் என்கிற மகாராஜா வந்து சேர்வதற்கு ஒரு வாரம் ஆனது, மாவு ஒரு குமிழ்கூட விடவில்லை. அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தேன், அடுப்பில் பால் தொப்பியோடு நிற்கிறது, சாமி படத்தில் அவனைக் கொண்டுபோன காலையில் போட்ட மல்லிகைச் சரம் மொட்டாகவே இருக்கிறது, தினசரிக் காலண்டரில் அவள் தாளைக் கிழிக்கக் கிழிக்க அடியிலிருந்து அதே தேதி வருகிறது, பிள்ளையின் பல் ஆடுகிறது.

"என்னடி இது?" என்றேன்.

"அவரு வர்ற வரைக்கும் இப்படித்தான் இருக்கும் போலக்கா" என்றாள், குழாயில் தண்ணி வரலை, லாரி வந்தால்தான் என்று சொல்கிற மாதிரி.

குமரகுருபரன் சார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், எங்கள் தெரு நலச்சங்கத்துக்குத் தலைவர், எதற்கும் விளக்கம் சொல்லாமல் அவரால் காபி குடிக்க முடியாது. வந்து பார்த்தார், பாலை மோந்தார், காலண்டரைத் தானே ஒரு தாள் கிழித்தார். "அவன் ரிமாண்டுல இருக்கான். அவன் உள்ள இருக்கிற நாள் தண்டனை நாளா, வெறும் நாளா? கோர்ட்டு இன்னும் சொல்லல. சொல்ற வரைக்கும் அது எதுலயும் சேராது. சேராத நாள் எப்படி நகரும்?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய், கெட்டுப்போகிற நிலையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தோம்.

அதற்கப்புறம் எங்கள் தெருவில் எதுவும் புளிக்கவில்லை. காலையில் பால்காரர் மணி அடிப்பதற்கு முன்பே செண்பகம் வாசலில் குண்டானும் தூக்குவாளியுமாக வரிசை நிற்கும், யார் மாவு எதுவென்று தெரிய கைப்பிடியில் கலர் நூல் கட்டினோம், தோசைக்கு வேண்டும் என்றால் ஒரு நாள் முன்னாடியே எடுத்துப்போய் நம் வீட்டில் வைத்தால் பொங்கும், வேண்டாம் என்றால் மாசக்கணக்கில் அங்கேயே தூங்கும். மீன்காரி ஐஸ் வாங்குவதை விட்டுவிட்டாள். பூக்காரி வெள்ளிக்கிழமைப் பூவைத் திங்கட்கிழமையே வாங்கிப் போட்டாள். கல்யாண சமையல் கான்ட்ராக்டர் தேங்காய்த் துருவலை அண்டாவோடு கொண்டுவந்து இறக்கினார், அரசாங்கப் பரீட்சைக்கு வயது தாண்டப்போகிற பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் பாயோடு வந்து ஒரு மாசம் முன்னறையில் படுத்தார், அவருக்கு மட்டும் பிறந்தநாள் தவறாமல் வந்தது, வெளியாட்களுக்கு இது செல்லாது, வைத்த பொருளுக்கும் வீட்டு மனிதர்களுக்கும்தான் என்று தெரிந்துகொண்டு பாயைச் சுருட்டினார். சங்கம் நேரம் வகுத்தது, மீனும் பூவும் ஒரே அறையில் கூடாது என்று தீர்மானம் போட்டது, செண்பகத்திடம் வாடகை வாங்குவதைக் குமரகுருபரன் சார் பெருந்தன்மையாக நிறுத்தினார். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் தையல் மெஷினை எங்கள் வாளிகளுக்கு நடுவே ஒண்டித் தள்ளிப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைத்தாள்.

ஜாமீனா? ஜாமீன் முதல் சில வாரத்திலேயே கொடுத்துவிட்டார்கள். உள்ளூரில் சொந்த வீடு இருக்கிற ரெண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். செண்பகத்துக்கு உள்ளூரில் சொந்தமென்று யாரும் இல்லை, சொந்த வீட்டுக்காரர்கள் நிறைந்த தெரு மட்டும் இருந்தது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் பயம், கோர்ட்டு, கேஸு, நமக்கெதற்கு என்று. என் வீட்டுக்காரரைக் கேட்டேன், "ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணும் பிரமிளா" என்றார், பல் விளக்கக்கூட ஆபீஸில் பர்மிஷன் வாங்குகிற மனிதர். பயம் தெளிவதற்குள் மாவு வந்துவிட்டது. அவன் வந்துவிட்டால் வாளியைக் கிளப்ப வேண்டுமே, அதற்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள், அந்த வீட்டில் அடுத்த வாரம் என்பதே வராது என்று தெரிந்துகொண்டே சொன்னார்கள்.

செண்பகமும் முதலில் இதற்காக அழவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வாய்தா தோறும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவாள், வராண்டா பெஞ்சில் ரெண்டு போலீசுக்கு நடுவே தனுஷ்கோடி உட்கார்ந்திருப்பான், இலக்கியா போய் வாயைத் திறந்து காட்டுவாள். "இன்னும் விழலையா? அப்பாவுக்காக வச்சிருக்கியா?" என்பான், அவளும் தலையாட்டுவாள். "அவரு திரும்பி வர்றப்ப எதையும் விட்டுட்டோம்னு இருக்கக் கூடாதுக்கா. விட்டுட்டுப் போனது விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்" என்று செண்பகம் சொன்னாள், அந்தப் பொங்கிய பாலைச் சுற்றித் தினமும் துடைத்தாள், அடுத்த அடுப்பில் சமைத்தாள்.

ஆனால் இலக்கியாவின் வகுப்பு மூன்றாவதுக்குப் போனது, இலக்கியா ரெண்டாவதிலேயே இருந்தாள். அந்த வகுப்பு நாலாவதுக்குப் போனது. யூனிஃபார்ம் இறுகாத பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று டீச்சருக்கும் தெரியவில்லை, பழைய இடத்திலேயே உட்கார் என்றுவிட்டார்கள். உடம்புதான் நின்றதே தவிர மண்டை நிற்கவில்லை, என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து என் மகனின் எட்டாம் வகுப்புக் கணக்கைப் போட்டாள், பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவது அவள் வேலையானது, டீச்சர் அந்த நேரத்தில் செல்போன் பார்த்தார். கூடப் படித்தவர்கள் சைக்கிளில் போனார்கள். ஒருத்தி இவள் கன்னத்தைக் கிள்ளி, "சோ ஸ்வீட்" என்றாளாம், இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூக்கு ஒழுகியவள்.

"ஒரு ராத்திரி என் வீட்டுல படுக்கட்டும்டி" என்று சொல்லிப் பார்த்தேன். படுத்தாள், ஒரு ராத்திரி இல்லை, கோடை விடுமுறை முழுக்க. எங்கே படுத்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைதானே, ஒரு நகம்கூட வளரவில்லை. செண்பகத்துக்கும் ஒரு முடி நரைக்கவில்லை, தெருப் பெண்கள் அதற்கும் பொறாமைப்பட்டார்கள், அவளுக்கு வராத நரையெல்லாம் எனக்கு வந்ததே, அதை யாரும் விசாரிக்கவில்லை.

நாலு வருஷத்துக்குமேல் ஆனபோது செண்பகம் ஒரு காலையில் வாளிகளைத் தாண்டி என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நகரட்டும்க்கா. எப்படியாவது நகரட்டும்" என்றாள். முகத்தில் முப்பது வயது, கண்ணில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. "நேத்து அது என்னைக் கேக்குதுக்கா, 'அம்மா, நான் செத்துப் போவேனா, இல்ல அதுவும் கிடையாதா'ன்னு."

கோர்ட்டுக்கு நான் துணைக்குப் போனேன், எனக்கு இங்கிலீஷ் வரும் என்பதற்காக. மேஜையில் முழங்கை ஊன்றாமல் சாப்பிடவும், தும்மினால் மன்னிப்புக் கேட்கவும் கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்குப் பத்து வருஷம் பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், வாய்தா என்றால் என்ன என்று ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் மரகதவல்லி, நல்ல பெண், நிற்க நேரமில்லாத பெண், படிக்கட்டில் இறங்கிக்கொண்டே பேசினாள்.

"இங்க பாருங்க, ஒரே வழி. குற்றத்தை ஒத்துக்கச் சொல்லுங்க. நாலு வருஷம்னு தீர்ப்பு எழுதுவாங்க. உள்ள இருந்த காலம் முழுசையும் தண்டனையில கழிச்சுக்கலாம், செட் ஆஃப்னு பேரு. கழிச்சா மிச்சம் ஒண்ணும் இல்ல. சாயந்திரம் வீட்டுக்கு வந்துடுவாரு."

"நாளெல்லாம் தண்டனையில சேர்ந்துடுமா மேடம்?" என்று செண்பகம் கேட்டாள். "சேர்ந்துடும்மா." "சேர்ந்தா நகரும்ல அக்கா?" என்று என் முழங்கையைப் பிடித்தாள். நகரும் என்றுதான் எனக்கும் பட்டது.

தனுஷ்கோடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முன் தலை வழுக்கை விழுந்திருந்தது, வீட்டில் வராத வருஷமெல்லாம் இவன்மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. செண்பகம் அழுதுகொண்டே சொன்னாள், நான் அழாமல் சொன்னேன், வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

"லோடு ஏத்தினேன். அத எங்க வேணாலும் சொல்றேன். அந்த வாச்மேன் ஐயா தலையில அடிச்சவனுங்கள்ல நானும் ஒருத்தன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. அவரு சாட்சி சொல்ல வந்திருந்தாரு. என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் ஆமான்னு சொன்னா அவரு நம்பிடுவாரு."

"நம்பட்டுமேப்பா! அந்த ஆளு உனக்கு மாமனா மச்சானா?" என்றேன்.

"பாப்பா நம்புமே" என்றான்.

நான் செண்பகத்தின் கையைப் பிடித்துக் கிளப்பினேன்.

இன்னும் பல வாய்தா போனது. பிறகு ஒரு நாள் நீதிபதி, இவன் குற்றவாளி என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, விடுதலை என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கை எடுத்தார். அது சொல்லி முடிக்க, நான் சோடா பாட்டில் மூடியைத் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை. தெருவே வெடி வெடித்து வரவேற்றது, குமரகுருபரன் சார் சால்வை போட்டார், போட்டுவிட்டு எல்லோரும் அவசர அவசரமாக உள்ளே போய் அவரவர் வாளியை வெளியே எடுத்து வைத்தோம், நாளெல்லாம் ஒட்டுமொத்தமாக வந்து இறங்கினால் மாவு என்னாவது என்று. தனுஷ்கோடி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு உள்ளே போனான். நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

பால் தொப்பியோடு நின்றது. காலண்டரில் அதே தேதி. அவன் மடியில் மகளை உட்கார வைத்துப் பல்லில் நூலைக் கட்டி இழுத்தான். நூல் அறுந்தது. பல் ஆடியது.

சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் வாளிகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

மறுநாளே நான் மரகதவல்லியைப் போய்ப் பிடித்தேன். "அதான் விடுதலை ஆயிட்டாரே" என்றாள். "ஆயிட்டாரு. அந்த நாலு வருஷம் எங்கே?" என்றேன். "எந்த நாலு வருஷம்?" "உள்ளே இருந்தானே, அது." அவள் முதல்முறையாக நடப்பதை நிறுத்தினாள். "கழிக்கணும்னா தண்டனைன்னு ஒண்ணு இருக்கணும்லங்க. தண்டனை இல்லாதவருக்கு எதுலேருந்து கழிக்கறது? குற்றவாளியா இருந்தா கழிச்சிருக்கலாம். இவரு நிரபராதி. நிரபராதி இருந்த நாளுக்குச் சட்டத்துல இடம் இல்ல."

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து தனுஷ்கோடி தனக்கு ஒரு தண்டனை தேடி அலைய ஆரம்பித்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "சிறுசா ஏதாவது ஒரு கேஸுல என்னைப் போடுங்க சார், தீர்ப்புல அந்த நாளைக் கழிச்சுக்கறேன்" என்றான், அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். என் வீட்டுக்கு வந்து, "யக்கா, உங்க மிக்ஸியை எடுத்துட்டுப் போறேன், கம்ப்ளைன்ட் குடுங்க" என்றான், பகல் பதினொரு மணிக்கு, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவைத் தட்டி. நான் மரகதவல்லிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஐயோ, பண்ணிடப் போறாரு! அந்தக் கேஸுல இருந்த நாளை அந்தக் கேஸுலதான் கழிக்க முடியும். வேற திருட்டுல கழிக்க முடியாது. இதுக்குப் புதுசா உள்ள போகணும்" என்றாள். அவன் மிக்ஸியை மேஜையில் திரும்ப வைத்தான், ஒயரைச் சுற்றி வைத்தான், ஜாடியை அதன்மேல் வைத்தான், அதற்கு மேல் கைக்கு வேலை இல்லாமல் நின்றான்.

கடைசியில் சங்கக் கூட்டத்துக்கு வந்தான். செண்பகமும் வந்தாள், இலக்கியா பின்னால் நின்றாள். "நீங்க எல்லாரும் பெரியவங்க. கோர்ட்டு இல்லாட்டி என்ன, தெரு சொல்லட்டும். திருட்டுப் பயன்னு ஒரு வார்த்தை சொல்லி, நாலு வருஷம்னு போட்டு, கழிச்சு விட்டுடுங்க சார்" என்று குமரகுருபரன் சார் காலைத் தொடக் குனிந்தான்.

சார் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "சேச்சே, என்னப்பா இது? நீதிமன்றமே நிரபராதின்னு சொன்ன ஒரு மனுஷனை நாங்க எப்படிப்பா குற்றவாளின்னு சொல்றது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஜாமீன் கையெழுத்துக்கு வராத மனசாட்சி. அவர் பேத்திக்கு வளைகாப்பு, தேங்காய்ச் சாதத்துக்கும் புளியோதரைக்கும் அரைத்துப் பொடித்த அத்தனையும் அந்த வீட்டில் இருந்தது எனக்குத் தெரியும். "சொல்லித் தொலைங்களேன் சார், ஒரு வார்த்தைதானே!" என்று கத்தினேன். "உங்க மாவும் அங்கதானே இருக்கு பிரமிளாம்மா" என்றார் நிதானமாக. சரி, நான் சொல்கிறேன் என்று எழுந்து நின்றேன், குற்றவாளி என்றேன், உரக்கச் சொன்னேன், கான்வென்ட் மேடையில் பேச்சுப் போட்டிக்குப் பேசுகிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னேன். யாருக்கும் அவன் என்ன பண்ணினான் என்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, நான் சொன்னது சும்மா சத்தமாகப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பியது. பிள்ளை வாயில் பல் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப்பின் அவன் கேட்பதை விட்டுவிட்டான். வண்டி போய்விட்டது, லோடு ஏற்றிவிடுகிற கூலிக்குப் போனான். விடுதலையான அன்று சவரம் செய்த முகம் அப்படியே இருந்தது, அவனும் வீட்டு மனிதன் ஆகிவிட்டான். தெரு அவனை மரியாதையாக நடத்தியது. வாளியை இறக்கி வைக்கும்போது, "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா" என்று பன்மையில் சொன்னார்கள்.

வளைகாப்புக்கு முந்தின காலை. வாசலில் வரிசை நிற்கிறது, நானும் பச்சை நூல் கட்டிய குண்டானை எடுக்க நிற்கிறேன். தனுஷ்கோடி படியில் உட்கார்ந்து இலக்கியாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான், ரெட்டைப் பின்னல், ரெண்டாம் வகுப்பு ரிப்பன். அவள் திடீரென்று சீப்பைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

"அப்பா, நீ திருடல. அது எனக்குத் தெரியும். ஆனா நீ தப்புப் பண்ணே."

"என்னடா பாப்பா?"

"சாயந்திரம் வந்து நூல் கட்டி இழுத்து விடறேன்னே. வரல."

"அவங்க விடலடி" என்று செண்பகம் உள்ளிருந்து ஓடி வந்தாள். "உன்கிட்டப் பேசல. அப்பாகிட்டப் பேசறேன்" என்றாள் பிள்ளை. ஏழு வயதுக் குரல்தான், ஆனால் பேசியது ஏழு வயது இல்லை. "நான் சாயந்திரம் வாசல்ல உக்காந்திருந்தேன். அடுத்த நாளும் உக்காந்திருந்தேன். எல்லாரும் பெரிசாயிட்டாங்க. நான் மட்டும் உக்காந்திருக்கேன். சொல்லிட்டு வராம இருந்தது தப்பா இல்லையா?"

தனுஷ்கோடி படியிலிருந்து இறங்கித் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தான்.

"தப்புதான்" என்றான்.

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்." வக்கீலும் செண்பகமும் நானும் கெஞ்சிக் கூத்தாடியும் அவன் வாயிலிருந்து வராத வார்த்தை அது. இப்போது அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பொய் இல்லை.

"அப்ப தண்டனை. எவ்வளவு நாள் வரலையோ அவ்வளவு நாள் ஜெயில்."

"சரிம்மா." மூச்சை இழுத்துக்கொண்டான். "நான் ஏற்கனவே இருந்துட்டு வந்தேன்ல. அதைக் கழிச்சுக்கலாமா?"

அவள் யோசித்தாள். நாக்கால் பல்லைத் தள்ளிக்கொண்டே, எங்கள் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அதையும் தப்பென்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

"கழிச்சுக்கோ" என்றாள்.

பல் அவள் வாயிலிருந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

முதலில் கேட்டது பாலின் சத்தம். எரிந்துகொண்டிருந்த அடுத்த அடுப்பில் சொய்யென்று வழிந்தது, தீய்ந்த வாசனை வந்தது. அடுத்து மூடிகள் கிளம்பின, நூறு வாளி மாவும் ஒன்றாகப் பொங்கிச் சமையல்கட்டை நிறைத்து, தையல் மெஷின் காலைச் சுற்றி, வாசற்படியில் இறங்கி, எங்கள் பாதங்களுக்கு நடுவே தெருவுக்கு ஓடியது, புளித்து, பொங்கி, மறுபடி புளித்து, நாலு வருஷத்துக்கும் மேலான புளிப்பு. மீன் அறையிலிருந்து வந்ததை நான் எழுத மாட்டேன். குமரகுருபரன் சார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அண்டாவைத் தேடி உள்ளே போய் வழுக்கி விழுந்தார். பெண்கள் கத்தினார்கள். காலண்டர் தானாகக் கிழிந்து கிழிந்து தாள் பறந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இலக்கியா வளர்ந்தாள். பின்னல் அவிழ்ந்து தோளைத் தாண்டி இறங்கியது, மணிக்கட்டு சட்டைக் கைக்கு வெளியே வந்தது, தையல் விட்டுப்போகிற சத்தம் கேட்டுச் செண்பகம் ஓடி வந்து போர்வையைச் சுற்றினாள், சுற்றிய அவள் வகிட்டில் நரை ஓடியது. தனுஷ்கோடி ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். எட்டு வயதைப் பிடிக்கப் போனான், அதற்குள் அது ஒன்பது ஆகிவிட்டது, ஒன்பதைப் பார்ப்பதற்குள் பத்து. "மெல்ல பாப்பா, கொஞ்சம் மெல்ல" என்றான். அவளால் என்ன செய்ய முடியும்? அவனாலும் என்ன செய்ய முடியும்? நான் ஒரு குண்டானைக் கட்டிக்கொண்டு நின்றேன், என்னால் முடிந்தது அதுதான்.

பிறகு எல்லாம் நின்றது. ஒரு பெரிய பெண் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அடையாளம் தெரிந்தது. அவனுக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

உள்ளங்கையைத் திறந்து பார்த்தான். பால்பல், அரிசி மாதிரி. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ வேலை ஞாபகம் வந்த மாதிரி தெருவில் இறங்கி ஓடினான், மாவில் மிதித்துக்கொண்டு ஓடினான், பசு இருக்கிற வீட்டைத் தேடி எங்கெங்கோ அலைந்துவிட்டு, ஒரு இலையில் சாணி உருண்டையோடு திரும்பி வந்தபோது நாங்கள் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தோம். இலக்கியா என் நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றாள், அவன் தோள் உயரம் இருந்தாள். அவன் பல்லைச் சாணிக்குள் வைத்து அழுத்தி உருட்டினான்.

"கூரை மேல எறியணும் பாப்பா. அப்பதான் புதுப் பல் முளைக்கும்."

அவள் அவனையே பார்த்தாள். அப்புறம் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். பெரிய பல், உறுதியான பல், நுனி லேசாகத் தேய்ந்தே போயிருந்தது.

"அது முளைச்சு ரொம்ப நாளாச்சுப்பா" என்றாள்.

அவன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான், செண்பகத்தைப் பார்த்தான், பிறகு, கான்வென்டில் படித்தவள் இதற்கும் ஏதாவது பதில் வைத்திருப்பாள் என்கிற மாதிரி, என்னைப் பார்த்தான்.

"எறியட்டுமாக்கா, வேண்டாமா?"

"எறிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது?

எறிந்தான். நாங்கள் எல்லோரும் நாறுகிற பாத்திரங்களோடு மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.